உடைக்காத தேங்காய்

மகன் தம்பிக்கு,

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, கடைக்காரத் தாட்சாயினி எழுதுகிறாள்.

புது வேலைக்கு அர்ச்சனை செய்யச் சொன்னாய். இங்கே ரூ பஜோல் தெருவிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். "மகனுக்கு என்ன வேலை?" என்று ஐயர் கேட்டார். சொல்ல வெட்கமாயிருந்தது. தேங்காயை உடைக்காமலே திரும்பிவிட்டேன்.

எங்கள் ஊரில் குண்டு போட்ட அதே விமானப்படைக்குப் புது விமானம் வருகிறதாம். அதற்குக் குறிபார்க்கும் கருவி பூட்டப்போவது என் மகனாம்! "சகடைக் காலம் போச்சப்பா. இனிக் குறி தப்பாது, சனம் சாகாது" என்கிறாய்.

சகடை என்று நாங்கள் திட்டிய அந்தக் கிழட்டு விமானத்திலிருந்து குண்டைக் கையால்தான் உருட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு உருட்டியது தப்பி, வாழைத்தோட்டத்தில் விழுந்தது. நீ பங்கர்க் குழிக்குள் என் மடியில் இருந்தாய். வாழைக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தவள் உன் அக்கா. அதற்குமேல் இந்தப் பிள்ளையை எழுதவிடமாட்டேன்.

அவர்கள் குறிவைத்ததே எங்கள் வீட்டுக்குத்தானடா! தப்பியதால்தான் நீ இருக்கிறாய். சம்பளம் வாங்கிக்கொண்டு நீ திருத்தப்போவது அந்தத் தப்பையா?

வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டு வா. தேங்காய் இங்கேதான் இருக்கிறது.

உன்னைப் பெற்ற
அப்பா