சக்கரம் கழற்றிய வீடு

1998 செப்டெம்பர் 29, செவ்வாய்

மழை, விட்டு விட்டு. லிஃப்ற் மறுபடி பழுது. வேலைக்குப் படியால் இறங்கிப் போனேன். இவருக்கு இன்று பிசியோதெரபி. போகவில்லை. எட்டாம் மாடியிலிருந்து எப்படிப் போவது? கூரை வேலையில் விழுந்து முதுகு போனதிலிருந்து இதுதான். லிஃப்ற் ஓடாத நாட்களில் யன்னலோரம் சக்கர நாற்காலியைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு றோட்டைப் பார்த்தபடி இருப்பார்.

ஆனால் தொழிற்சாலையில் கட்டிய எங்கள் வீடு நாளை வருகிறது. விற்ற ஏஜென்ற் அன்ரன் அண்ணை போன். "மழை விட்டால் நாளைக்கு, தங்கச்சி. மழைக்குள்ளை உந்த வீட்டை றோட்டிலை இழுக்க விடமாட்டாங்கள்."

வாங்க: மொப், குளியலறைத் திரை, பால், புதுப் பானை. அங்கே மின்சாரம் இன்னும் இல்லை. பால் காய்ச்ச குகனிடம் காஸ் அடுப்புக் கேட்க வேண்டும். குகன் இவரின் தம்பி, வான் வைத்திருப்பவன். அவன் இல்லாவிட்டால் எங்களுக்கு ஒன்றும் நடக்காது.

செப்டெம்பர் 30, புதன்

நல்ல வெயில். லீவு எடுத்தேன். அஜக்ஸ் நகரம் தாண்டி, சோளக்காடுகளுக்கு நடுவே எங்கள் துண்டு நிலம். அத்திவாரம் போன மாதமே போட்டாயிற்று. குளிருக்கு மண் உறைந்து வீட்டைத் தூக்காமல் இருக்க நாலடி ஆழம்.

மத்தியானம் வீடு வந்தது. இரண்டு பாதியாக, இரண்டு ட்ரக்கில். முன்னுக்கும் பின்னுக்கும் மஞ்சள் விளக்குக் கார்கள். வெட்டிய பக்கம் முழுக்கப் பிளாஸ்ரிக், காற்றில் படபடவென்று. உள்ளே அலமாரி, குழாய், கதவு எல்லாம் தொழிற்சாலையிலேயே பொருத்திப் பூட்டியது.

இவர் வானுக்குள் இருந்து பார்த்தார்.

"உதுதானோ எங்கடை வீடு? ரெண்டாப் பிளந்தெல்லோ கொண்டு வந்திருக்கிறாங்கள்."

"பொருத்தினால் தெரியாதாம்."

சிரித்தார். கனகாலத்துக்குப் பிறகு. படி இல்லை, நாற்காலி போகிற அகலத்தில் கதவுகள், குசினியில் பாத்திரம் கழுவும் சிங்குக்குக் கீழே முழங்கால் போக இடம். எல்லாம் இவரே பென்சிலால் கீறிக் கொடுத்தது.

ஒரு பாதிக்குச் சக்கரம் கழற்றியதோடு பொழுது பட்டுவிட்டது. எதிர்ப்பக்க வீட்டுக்காரி வேலிக்கு அருகே நெடுநேரம் நின்றாள். கை காட்டினேன். அவளும் காட்டினாள்.

ஒக்டோபர் 2, வெள்ளி

நேற்று மற்றப் பாதிக்கும் சக்கரம் கழற்றினார்கள். இன்று நகரசபை இன்ஸ்பெக்டர் வந்தார். இளம் வெள்ளைக்காரர், மரியாதையானவர். உள்ளே ஏறுமுன் சப்பாத்தைத் துடைத்தார். டோர்ச் அடித்து அலமாரிக்குள் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். வெளியே வந்து கதவில் சிவப்புத் தாள் ஒன்றை ஒட்டினார். வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு.

கூட நின்ற அன்ரன் அண்ணை: "பேர்மிற் இருக்கெல்லோ."

கட்டுவதற்கான பேர்மிற் வீட்டுக்குத் தந்தது, இது வீடு இல்லை என்றார் இன்ஸ்பெக்டர்.

எனக்கு விளங்கியது இவ்வளவுதான். ஒரே தொழிற்சாலை, ஒரே பலகை, ஒரே ஆணி. ஆனால் ஸ்டிக்கர் இரண்டு வகை. ஒன்று ஒட்டினால் வீடு. மற்றது ஒட்டினால் இழுத்துப் போகிற வீடு, மொபைல் ஹோம். அதை அதற்கென்று ஒதுக்கிய பார்க்குகளில் மட்டும்தான் வைக்கலாம். இந்த நிலத்துக்கான சட்டத்தில் அதற்கு இடமில்லை. எங்களுடையது இரண்டாவது வகை.

"சக்கரத்தைக் கழற்றிவிட்டோமே?"

கழற்றினாலும் அதுதானாம்.

ஸ்டிக்கரை மாற்ற முடியாதா? முடியாது. சுவர் மூடுவதற்கு முன்பே தொழிற்சாலையில் ஒருவர் உள்ளே பார்த்துக் கையெழுத்து வைத்திருக்க வேண்டும். சுவர் இப்போது மூடியாயிற்று.

மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். பால் வாங்கியது அப்படியே பையில்.

ஒக்டோபர் 5, திங்கள்

மூடிய வானம். வேலையில் இரண்டு தரம் பிழை விட்டேன்.

மத்தியானம் அன்ரன் அண்ணை. "எனக்கு உந்த ஸ்டிக்கர் விசயம் சத்தியமாத் தெரியாது, தங்கச்சி. வடக்குப் பக்கம் எத்தினை வீடு இறக்கினனான், ஒருத்தனும் கேக்கேல்லை." ஏச வேண்டும் என்றுதான் போனை எடுத்தேன். ஏச வரவில்லை.

பிறகு நகரசபை அலுவலகம். கவுண்டரில் இருந்தவள் தடித்த சட்டப் புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். விரல் வைத்துக் காட்டினாள். வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும் தெரியும், சேர்ந்தால் விளங்கவில்லை. விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாமாம். ஒரு குழு விசாரிக்கும். அயலவர்களுக்கு அறிவிப்பார்கள், அவர்கள் வந்து விருப்பம் சொல்லலாம்.

எங்கள் வீட்டுக்கு அவர்களுடைய விருப்பம்.

ஒக்டோபர் 17, சனி

காற்று. குகனும் நானும் போய்த் தார்ப்பாய் கட்டினோம். ஒரு பக்கம் கட்ட மறுபக்கம் அவிழ்கிறது. கூரைத் தகரப் பொருத்துக்குள்ளால் தண்ணீர் இறங்கி முன்னறை நிலப்பலகை ஊதிவிட்டது. குகன் மிதித்துப் பார்த்துவிட்டு, "அண்ணைக்குச் சொல்லாதேங்கோ, அண்ணி" என்றான். சொல்லவில்லை.

எதிர்வீட்டுக்காரி வந்தாள். பெயர் டோறிஸ். புருஷன் இல்லை, தனிய இருக்கிறாள்.

"எத்தனை பேர் இருக்கப்போகிறீர்கள்?"

இரண்டு பேர் என்றேன். நம்பவில்லை. இது ட்ரெய்லர்தானே, ஒன்றை விட்டால் பத்து வரும், பிறகு தன் வீட்டை யாரும் வாங்கமாட்டார்கள் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னாள். இவரின் நாற்காலியைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். போகும்போது ஒரு பை அப்பிள் தந்தாள், தன் மரத்தில் காய்த்ததாம்.

இவர் இரண்டு சாப்பிட்டார். நல்ல இனிப்பு என்றார். யார் தந்தது என்று நான் சொல்லவில்லை.

நவம்பர் 12, வியாழன்

எங்கள் விதிவிலக்கு விண்ணப்பத்துக்கு விசாரணை. குளிர், ஆனால் பனி இல்லை. நகரசபை மண்டப வாசலில் படிகள். சரிவுப் பாதை பின்பக்கம், அது பூட்டியிருந்தது. திறப்பு வைத்திருப்பவர் வரவில்லை. குகனும் முன்பின் தெரியாத ஒருவரும் நாற்காலியோடு இவரைத் தூக்கினார்கள். தூக்கும்போது இவர் யாரையும் பார்க்கவில்லை.

நீள மேசை, அதற்குப் பின்னால் குழு. அயலவர்கள் முன்வரிசையில். டோறிஸ் எழும்பிச் சொன்னாள், இவர்கள் நல்ல மனிதர்கள், ஆனால் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று. மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

இவர் பேசினார். எழுதிக்கொண்டு போன தாளை எடுக்கவில்லை. தன் ஆங்கிலத்தில், மெதுவாக. இந்தப் பகுதியில் எத்தனையோ கூரை நான் போட்டிருக்கிறேன், எது வீடு என்று எனக்குத் தெரியும், இது வீடு. அவ்வளவுதான்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். உங்கள் நிலைமைக்கு வருந்துகிறோம், ஆனால் நாங்கள் பார்க்க வேண்டியது நிலத்தை, ஆளை அல்ல என்றார்.

மறுத்துவிட்டார்கள்.

மேன்முறையீடு செய்யலாமாம். அது அடுத்த கோடைக்குப் போகும். அதுவரை வீடு அங்கே நிற்கக்கூடாது. நின்றாலும் பனிக்குத் தாங்காது. அன்ரன் அண்ணையின் கம்பனி திருப்பி எடுக்கச் சம்மதம். வடக்கே ஏரிக்கரையில் ஒரு பார்க்கில் வாங்க ஆள் இருக்காம்.

வான் 401 நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு இவர் கேட்டார்:

"நீர் மத்தியானம் ஏதும் சாப்பிட்டனீரோ?"

"ஓம்" என்றேன். சாப்பிடவில்லை.

நவம்பர் 16, திங்கள்

லிஃப்ற் ஓடுகிறது. பிசியோதெரபி போனோம். வேறு ஒன்றும் இல்லை.

நவம்பர் 25, புதன்

வீடு கொண்டுபோகும் நாள். நான் தனியப் போவதாக இருந்தேன். இவர் விடியவே சேட்டுப் போட்டுக்கொண்டு ஆயத்தமாக இருந்தார். "நானும் வாறன்."

"அங்கை என்ன பார்க்கிறதுக்கு?"

"வாறன் எண்டால் வாறன்."

நாங்கள் போவதற்குள் வீட்டின் சக்கரங்கள் திரும்பப் பூட்டியாயிற்று. குசினி இருந்த பாதி முன்னுக்கு. சாரதி வயதானவர், கம்பளித் தொப்பி. இவர் ஒரு தரம் உள்ளே போகவேண்டும் என்றார். சாரதி எஞ்சினை நிறுத்தினார். அவரும் குகனும் நாற்காலியைத் தூக்கி ஏற்றினார்கள். நானும் ஏறினேன்.

நாற்காலிச் சக்கரம் உள்ளே நிலத்தில் தடையில்லாமல் உருண்டது. சிங்குக்குக் கிட்டப் போனார். முழங்கால் சரியாக உள்ளே போனது. இரண்டு கையையும் சிங்கின் மேலே வைத்துக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பிளாஸ்ரிக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பழுப்பாக ஒரு தண்ணீர்க் கறை.

"பொருத்திலை தகரம் பிழையா மடிச்சிருக்கிறாங்கள். உப்பிடியே விட்டால் வாறவைக்கு ஒழுகும்."

"இனி எங்களுக்கென்ன?"

கீழே இறக்கச் சொன்னார். இறக்கியதும் சாரதியைக் கூப்பிட்டு, கையால் மடித்துக் காட்டி, எங்கே திறக்க வேண்டும், எங்கே பூச வேண்டும், பனி கொட்டுமுன் செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சாரதி நின்று கேட்டார்.

"நான் இழுத்துக்கொண்டு போகிறவன் மட்டும், சேர். அங்கே யார் இருக்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது."

இவர் தலையாட்டினார். பிறகு, இன்னும் மெதுவாக, முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினார்.