தம்பி அனுப்பின டிஸ்க்

சிவமயம்

அச்சுவேலி,
22.01.1994

அன்புள்ள தம்பி நமசிவாயத்துக்கு,

நீ ஐப்பசியிலை போட்ட கடிதம் பொங்கலுக்கு மற்ற நாள் கைக்கு வந்து சேர்ந்தது. நீயும் மச்சாள் குணலட்சுமியும் குழந்தையும் சுகமாயிருக்கிறியள் எண்டு வாசிக்கச் சந்தோசம். எனக்கும் ஒரு குறையுமில்லை. கடைவாய்ப் பல்லொண்டு குத்திக்கொண்டிருந்தது, பிடுங்கி எறிஞ்சாச்சு. இந்தமுறை மழை நல்லாய்ப் பெய்து கிணறு மேல்படி மட்டும் நிக்குது. பின் வளவிலை வெங்காயம் நட்டிருக்கிறம். உங்கை பனி கொட்டுது, காலையிலை கார்க் கதவு திறக்கேலாமல் கிடக்கு எண்டு எழுதியிருந்தாய். இஞ்சை கார்க் கதவு திறக்கும், காருக்குத்தான் எண்ணெய் இல்லை.

இனி உன்ரை கொம்பியூட்டர் கதைக்கு வாறன். போன ஆனியிலை நான் கேட்ட கேள்விக்கு இந்தத் தையிலை பதில் வந்திருக்கு. நோயாளி அச்சுவேலியிலை, வைத்தியர் நோர்வேயிலை, நடுவிலை கிளாலிக் கடலும் சென்றிக் காவல்களும். இந்த லட்சணத்திலைதான் வைத்தியம் நடக்குது. நீ எதையும் அரைவாசியிலை மறக்கிற ஆள் எண்டபடியால் முதலிலை இருந்து சொல்லுறன்.

ஆனியிலை ஒருநாள் நான் வட்ட இயக்கம் எண்ட பாடத்தை அடிச்சு முடிச்சு அதைச் சேமிக்கிற நேரம் பாத்து முத்துக்குமாருவின்ரை ஜெனரேற்றர் இருமி நிண்டுபோச்சு. முத்துக்குமாருவை உனக்குத் தெரியும். கலியாணவீடுகளுக்கு வீடியோப் படம் ஓட்ட ஜெனரேற்றர் வாடகைக்கு விடுறவர். அவரின்ரை மகளுக்கு நான் கணக்குச் சொல்லிக் குடுக்கிறன், அதுக்காகக் கலியாணவீடு முடிஞ்சு திரும்பி வரேக்கை ஜெனரேற்றர் ஏத்தின லாண்ட்மாஸ்ரர் உழவு வண்டியை எங்கடை படலையடியிலை நிப்பாட்டி, மிஞ்சின மண்ணெண்ணெய்க்கு எனக்குக் கறண்ட் தருவார். கறண்ட் திரும்பி வந்தபிறகு மெசினைப் போட்டால், சிஸ்டம் டிஸ்க் இல்லை, வேறை டிஸ்க்கைப் போட்டுப் பொத்தானை அமத்து எண்டு பச்சை எழுத்திலை ஒரே பல்லவி. எந்தப் பொத்தானை அமத்தினாலும் அதே பல்லவி.

அதுக்கு நீ எழுதின வைத்தியம்: நீ போகேக்கை தந்திட்டுப் போன மீட்புப் பிளொப்பியைப் போட்டு மெசினை எழுப்புங்கோ, சிஸ் எண்ட கட்டளையைக் குடுங்கோ, அது சிஸ்டத்தை மட்டும் திருப்பிப் போடும், அதுக்கும் சரிவராட்டில் ஃபோர்மற் பண்ணிவிடுங்கோ, உள்ளுக்கை இருக்கிறது எல்லாம் அழியும், ஆனால் மெசின் புதுசு போல வரும்.

மெசின் புதுசாய் வந்து எனக்கு என்னத்துக்கடா? நான் அதை மணவறையிலையோ இருத்தப்போறன்? அதுக்குள்ளை இருக்கிறது என்ரை பிரயோக கணிதப் புத்தகம். கொழும்பிலை இருந்து ஒரு கணக்குப் புத்தகமும் வராத காலத்திலை, நீ செய்து வைச்ச தமிழ் எழுத்திலை, இந்த மெசினுக்கு முன்னாலை குந்தியிருந்து நாலு வருசமாய் நான் ஆக்கின கணக்குகள். முன் பாதியை மட்டும்தான் ஸ்டென்சில் வெட்டி றோனியோவிலை அடிச்சுப் பிள்ளையளுக்குக் குடுத்திருக்கிறன். பின் பாதி முழுக்க உந்தப் பெட்டிக்குள்ளை மட்டும்தான் கிடக்கு. ஆவணியிலை சோதினை. பிள்ளையள் ஒவ்வொரு நாளும் வந்து, ரீச்சர், மெசின் எழும்பிட்டுதோ எண்டு வீட்டிலை வருத்தக்காரர் கிடக்கிறமாதிரி விசாரிக்குதுகள். ஆனபடியால் ஃபோர்மற் எண்ட சொல்லை எனக்கு இனி எழுதாதை.

சரி, உன்ரை மீட்புப் பிளொப்பியைப் போட்டன். கற்கற் எண்டு சத்தம் போட்டுது, வாசிக்க ஏலாது எண்டுது. திருப்பித் திருப்பிப் போட்டும் அதே கதை. பேந்துதான் விளங்கிச்சுது என்ன நடந்ததெண்டு. நீ போகேக்கை என்ன சொல்லிவிட்டுப் போனாய்? இதை வீட்டிலை ஆகப் பெறுமதியான சாமானோடை வையுங்கோ அக்கா எண்டு. நீ நகைப் பெட்டியை நினைச்சிருப்பாய். நகை எங்கையடா இருக்கு, உன்ரை பயணத்துக்கல்லோ போனது. இஞ்சை இப்ப ஆகப் பெறுமதியான சாமான் ரேடியோ. சைக்கிளைத் தலைகீழாய் நிப்பாட்டி, டைனமோவைச் சுத்திச் சுத்திச் செய்தி கேக்கிற சனம் நாங்கள். பொம்பர் சத்தம் கேட்டால் பங்கருக்குள்ளை ஓடேக்கை அடையாள அட்டையும் ரேடியோவும்தான் முதலிலை கையிலை வாற சாமான். அதாலை உன்ரை பிளொப்பியை ரேடியோவின்ரை தோல் உறைக்குள்ளை, ஸ்பீக்கர் பக்கமாய்ச் செருகி வைச்சிருந்தன். ஸ்பீக்கருக்குப் பின்னாலை காந்தம் இருக்கெண்டு பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறதும் நான்தான். நீ சொன்னபடி செய்ததாலை வந்த வினை, ஆனபடியால் பாதிப் பழி உனக்கு.

எனக்கு வேண்டியது ஒண்டே ஒண்டு. நல்லாய் இருக்கிற ஒரு சிஸ்டம் டிஸ்க், பெரிய ரகம், அப்பளம் போல வளையுமே அது. ஆராவது வாற ஆக்களிட்டைக் குடுத்து விடு.

வீட்டைப் பூட்டிப்போட்டுக் கொழும்புக்கு வாங்கோ, மிச்சத்தை வெளிநாட்டுக்கு ஆக்களை அனுப்புற ஏஜென்ற் பாப்பான், அங்கை உங்களுக்கு ஆர் இருக்கினம் எண்டு கடைசிப் பக்கத்திலை எழுதியிருந்தாய். எனக்கு ஆர் இருக்கினம் எண்டதை மேலை எழுதிப்போட்டன், திரும்ப வாசி. இப்ப நான் வரேல்லை.

குழந்தையின்ரை படம் ஒண்டு அனுப்பு. காதுக்குக் குளிர் படாமல் பாத்துக்கொள்ளச் சொல்லு மச்சாளிட்டை.

உன்ரை அக்கா,
பராசக்தி


சிவமயம்

அச்சுவேலி,
09.06.1994

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பின சாமான் கிடைச்சுது. கொழும்புக்குப் போய் வந்த கிறகோரி மாஸ்ரர், எங்கடை பள்ளிக்கூடத்திலை சங்கீதம் படிப்பிக்கிறவர், அதைத் தன்ரை ஞானப்பாட்டுப் புத்தகத்துக்கு நடுவிலை வைச்சு, வவுனியாவிலை சாமான் சோதிக்கிற ஆமிக்குப் புத்தகத்தை விரிச்சுப் பாடிக் காட்டி, வள்ளத்திலை நனையாமல் நெஞ்சோடை அணைச்சுக் கொண்டுவந்து சேர்த்தார். அவருக்கு நீ ஒரு வரி நன்றி எழுதவேணும். படமும் கிடைச்சுது. குழந்தை எங்கடை அம்மாவின்ரை நெத்தி. அதைப் பாத்து அண்டைக்கு முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடேல்லை.

கடிதத்தையும் வாசிச்சன். மச்சாள் ஆவணியிலை திரும்ப வேலைக்குப் போகப்போறா, குழந்தையை வேறை ஆக்களிட்டை விட மனமில்லை, விசாவுக்கு இஞ்சை எல்லாம் குடுத்தாச்சு, இதோடை வாற கடதாசியிலை கையெழுத்து வைச்சால் காணும், அக்காவைத் தவிர எங்களுக்கு ஆர் எண்டு எழுதியிருக்கிறாய். போன கடிதத்திலை எனக்குத்தான் ஒருத்தரும் இல்லை, இந்தக் கடிதத்திலை உங்களுக்கு ஒருத்தரும் இல்லை. ஆருக்கு ஆர் இல்லை எண்டதை ஒருக்கால் வடிவாய் யோசிச்சு எழுது.

இனி டிஸ்க். அதிலை நீ ஒட்டி விட்டிருந்த துண்டிலை என்ன எழுதியிருந்தாய் எண்டு உனக்கு ஞாபகம் இருக்கும். போட்டு ஒன் பண்ணினால் காணும், அக்கா ஒண்டும் ரைப் பண்ணத் தேவையில்லை, எல்லாம் தானாய் நடக்கும். என்ரை சைக்கிளுக்குக் காத்தடிச்சுத் தாறன் எண்டு ரியூப்பை வெடிக்கப் பண்ணின ஆளல்லோ நீ. ஒண்டும் செய்யத் தேவையில்லை அக்கா எண்டு நீ சொல்லுற நேரம்தான் நான் ஆகக் கவனமாய் இருக்கவேணும்.

முத்துக்குமாரு ஆவரங்காலிலை ஒரு கலியாணவீடு முடிச்சுப் பத்து மணிபோலை வந்தார். எண்ணெய் அடியிலைதான் கிடக்கு, கெதியாய் முடியுங்கோ ரீச்சர் எண்டார். நான் கெதிப்படேல்லை. திருகாணியைக் கழட்டிப் பெட்டியின்ரை மூடியைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்குக்குப் போற நாடா வயரைப் பிடுங்கி வெளியிலை விட்டன். என்ரை புத்தகம் இருக்கிற இடத்துக்கு உன்ரை டிஸ்க்கின்ரை கை எட்டக்கூடாது, முதலிலை அது என்ன செய்ய வந்திருக்கெண்டு பாப்பம் எண்டு நினைச்சன். இருக்கிற வயரை ஏன் பிடுங்கிறியள் எண்டு முத்துக்குமாரு தலையிலை கை வைச்சார். எங்கடை தம்பியின்ரை பழக்கம் எனக்குத்தான் தெரியும் எண்டன்.

உன்ரை டிஸ்க்கைப் போட்டு ஒன் பண்ணினன். மெசின் எழும்பிச்சுது. எழும்பின கையோடை, நான் ஒரு எழுத்தையும் தொடாமல் இருக்க, சி எண்ட டிரைவைத் தேடினது. தேடிப்போட்டு, அப்பிடி ஒரு டிரைவ் இல்லையெண்டு சொல்லி நிண்டுது. தானாய் ஓடுற கட்டளையளை நீ எழுதி வைச்சிருந்த கோப்பைத் திறந்து பாத்தன். ஃபோர்மற் சி.

வயரைப் பிடுங்காமல் விட்டிருந்தால் நாலு வருசம் கண்ணுக்கு முன்னாலை போயிருக்கும். அந்தச் சொல்லை எனக்கு எழுதாதை எண்டு சொன்னன். நீ எனக்கு எழுதேல்லைத்தான், மெசினுக்கு எழுதியிருக்கிறாய்.

எனக்குக் கோவம் வந்தது, கோவம் வந்தால் எனக்கு வேலை நல்லாய் ஓடும். டிஸ்க்கிலை இருக்கிறதை ஒருத்தரும் மாத்தி எழுத ஏலாமல் நீ ஒட்டியிருந்த வெள்ளித் துண்டை நகத்தாலை உரிச்செடுத்து, அந்தக் கோப்பை அதிலையிருந்து அழிச்சன். மெசினை நிப்பாட்டி, நாடா வயரைத் திரும்பப் பூட்டி, டிஸ்க்கைப் போட்டு எழுப்பினன். இப்ப அது நல்ல பிள்ளையாய் என்ன செய்ய எண்டு கேட்டுக்கொண்டு நிண்டுது. நீ முதல் கடிதத்திலை எழுதின சிஸ் கட்டளையை நானே ரைப் பண்ணினன். சிஸ்டம் போட்டாச்சு எண்டு ஒரு வரி வந்தது. உன்ரை டிஸ்க்கை வெளியிலை எடுத்துப்போட்டு மெசினை நிப்பாட்டித் திரும்பப் போட்டன்.

எழும்பிச்சுது. தன்ரை காலிலை தானே எழும்பிச்சுது. பாடங்களின்ரை பேரெல்லாம் பச்சையிலை ஒண்டுக்குக் கீழை ஒண்டாய் வந்து நிண்டுது. வட்ட இயக்கம் மட்டும் பாதியிலை அறுந்துபோய்க் கிடக்கு, அதை நான் திரும்ப எழுதுவன். முத்துக்குமாரு வேட்டித் தலைப்பாலை கண்ணைத் துடைச்சுக்கொண்டு, புகை அடிச்சுப்போட்டுது ரீச்சர் எண்டு சொன்னார். வீட்டுக்குள்ளை ஒரு புகையும் இல்லை. ஜெனரேற்றர் படலையடியிலை நிண்டது.

இப்ப ஒவ்வொரு கலியாணவீட்டுக்கும் நான் பஞ்சாங்கம் பாத்துக்கொண்டு இருக்கிறன், பொம்பிளை மாப்பிளையைவிட எனக்குத்தான் அவசரம். பிறிண்டரிலை றிபனைக் கழட்டிவிட்டு நேரை ஸ்டென்சிலிலை குத்த விடுறன். கடதாசிக்குப் பிள்ளையள் பழைய கொப்பிகளிலை மிஞ்சின வெறும் பக்கங்களைக் கிழிச்சுக் கொண்டு வருகுதுகள். ஒரு பக்கம் கோடு, மற்றப் பக்கம் பெட்டி, பாக்கச் சகிக்காது, ஆனால் கணக்கு கணக்குத்தான். ஆடி பிறக்க முதல் எல்லாப் பிள்ளையளின்ரை கையிலையும் பின் பாதி இருக்கும்.

தம்பி, நீ கெட்ட மனசோடை செய்தாய் எண்டு நான் சொல்லேல்லை. பெட்டி வெறுமையானால் அக்காவுக்கு இஞ்சை ஒரு பிடிப்பும் இருக்காது, வந்திடுவா எண்டு நினைச்சிருப்பாய். குண்டு விழுற இடத்திலை இருந்து அக்காவை எடுக்கவேணும் எண்டு நினைச்சதும் உண்மையாய் இருக்கும். குழந்தைக்கு ஆள் வேணும் எண்டதும் உண்மை. எனக்கும் பயம் இல்லாமலில்லை. படத்திலை இருக்கிற அந்த நெத்தியைத் தொட்டுப் பாக்க எனக்கும் ஆசைதான். அதெல்லாம் இருக்கட்டும்.

ஒண்டு மட்டும் என்னாலை பொறுக்கேலாமல் கிடக்கு. எல்லாத்தையும் அழிக்க முதல் மெசின் ஒருக்கால் நிண்டு, உண்மையாய் அழிக்கவோ, ஓமோ இல்லையோ எண்டு கேக்கும். ஒரு இரும்புப் பெட்டிக்கே அவ்வளவு மரியாதை தெரிஞ்சிருக்கு. நீ அந்தக் கேள்வியும் என்னட்டை வராமல், அதே வரியிலை எனக்காக ஓம் எண்டு எழுதி விட்டிருந்தாய்.

விசாக் கடதாசியிலை நான் கையெழுத்து வைக்கேல்லை. கிறகோரி மாஸ்ரர் திரும்பக் கொழும்புக்குப் போறார், அவரிட்டை அது இதோடை திரும்பி வருகுது. மச்சாளிட்டைச் சொல்லு, எனக்கு அவவோடை ஒரு கோவமும் இல்லை, குழந்தையைப் பாக்க உங்கை நல்ல ஆக்கள் கிடைப்பினம். செல்வச்சந்நிதி முருகன் மூண்டு பேரையும் கைவிடாமல் காக்கவேணும்.

வர விருப்பமோ அக்கா எண்டு நீ இவ்வளவு காலத்திலை ஒருக்காலும் என்னைக் கேக்கேல்லை. அதை ஒருக்கால் கேள், தம்பி. கேட்டுப்போட்டு, எத்தினை மாதமானாலும் என்ரை பதில் வருமட்டும் பொறுத்திரு.

எண்டும் உன்ரை அக்கா,
பராசக்தி