லொரெய்ன் உட்கார்ந்த பக்கம்

2018 மார்ச் 12, திங்கள்

"நார்ப், என்னிக்குத்தான் என்னை இதை ஓட்டவிடுவே?"

பாரகுடா காரை 1970-இல் பழசாக வாங்கிய வருடமே என் மனைவி லொரெய்ன் கேட்டாள். "உப்பு போகட்டும்" என்றேன். பனிக்காலத்தில் ஒஹாயோ சாலைகளில் கொட்டும் உப்பு இரும்பைத் தின்றுவிடும். ஏப்ரலில் இரண்டு நல்ல மழை கழுவிய பிறகுதான் வண்டியை வெளியே எடுப்பேன். அவளோடு நாற்பத்தேழு ஏப்ரல்கள் கழிந்தன. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காரணம் சொன்னேன். அவள் போய்ப் பதினாறு மாதம் ஆகிறது.

இன்று கண் மருத்துவர், "ஓட்டறதை நிறுத்திடுங்க, சார்" என்றார். என் பார்வை, கரும்பலகையின் நடுவில் மட்டும் ஈரத்துணி பட்டதுபோல் இருக்கிறது. ஓரங்கள் தெரிகின்றன, நடு இல்லை. பள்ளியில் முப்பத்துநாலு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். 'தெரியாததை ஊகித்து ஓட்டாதே' என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்.

மார்ச் 15

விற்கத்தான் வேண்டும். விளம்பரம் எழுதினேன்: 1966 மாடல், கூரை வால்வரை ஒரே சரிவு, உப்பு படாதது. நாலு வரி. அதற்கு முழுப் பகலும் போயிற்று.

மார்ச் 31, சனி

இந்தியானாவிலிருந்து ஒருவர் வந்தார். டார்ச்சுடன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். "கல்யாணப் பொண்ணாட்டம் வெச்சிருக்கீங்களே! நான் இதை ஓட்டவே மாட்டேன் சார். வெயில்கூடப் படாது, கண்ணாடி அறையிலயே இருக்கும்."

எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஏன்?

ஏப்ரல் 9

முதல் மழை.

ஏப்ரல் 15

இரண்டாவது மழை. பழக்கத்தில் சாவியை எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 17, செவ்வாய்

டெனீஸ் வந்தாள், 1983-ஆம் வருட மாணவி. இப்போது தலை நரைத்திருக்கிறது.

"ரெண்டு தடவை என்னை ஃபெயில் போட்டீங்க சார். இப்ப உங்க வண்டியையே வாங்க வந்திருக்கேன்."

"மூணாவது தடவையும் போடுவேன். ஓட்டிக் காட்டு."

மறுபக்கம் ஏறி உட்கார்ந்தேன். பள்ளிக் காரில் அதுதான் என் இடம். காலடியில் எனக்கென்று இரண்டாவது பிரேக் இருக்கும். என் சொந்த வண்டியில் அந்தப் பக்கம் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

காண்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவள் மறக்கவில்லை. "வலது பக்கம் தபால் வண்டி நிக்குது... கதவு திறக்கலாம்... முன்னாடி நாய், கயிறு இல்ல—"

எனக்கு நாய் தெரியவில்லை. கால் மட்டும் தானாக அழுத்தியது. காலடி ரப்பர் பாய்க்கடியில் ஒரு குழி. குனிந்து பாயைத் தூக்கி விரலால் தடவினேன். கம்பளம் அடிநூல் தெரியத் தேய்ந்திருந்தது, ஒரு செருப்பின் அகலத்துக்கு, வலது காலுக்கு மட்டும்.

"என்ன சார் தேடறீங்க?"

"பிரேக்."

"இந்த வண்டியில உங்களுக்கு பிரேக் கிடையாது சார்" என்று சிரித்தாள்.

அந்த இடத்தில் மட்டும் ஏன் தேய்கிறது என்று புரியாமலே 1991-இல் புதுக் கம்பளம் போட்டேன். 2004-இல் மறுபடியும் போட்டேன். கடைக்காரரிடம் போய்ச் சரக்கு மட்டம் என்று சண்டையும் போட்டேன்.

லொரெய்னும்தான் இங்கே உட்கார்ந்து பிரேக் போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள், அத்தனை வருடமும். ஒரு வார்த்தை சொல்லவில்லையே. ஏன் சொல்லலே, லொரெய்ன்? சொன்னா மட்டும் கேட்டிருப்பேனா நான்?

ஏப்ரல் 18

இந்தியானாக்காரருக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 21, சனி

டெனீஸ் கணவரோடு வந்தாள். நான் சாவியை நீட்டியதும் அவர் கைதான் முதலில் வந்தது. "தள்ளு, நான்தான்" என்றாள். முனகிக்கொண்டே அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

கம்பளத்தைக் காட்டி, "மாத்திக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் சார். பிரேக் போட இவருக்கு வேணும்."

வண்டி கிளம்பியதும் பின்கண்ணாடியின் பெரிய சரிவில் வானம் ஏறிக்கொண்டது. அதன்பின் எனக்குத் தெரியவில்லை. காதால்தான் கேட்டேன்: தெரு முனையில் நின்றது, திரும்பியது, மூன்றாவது கியர் உரசலில்லாமல் விழுந்தது. தேறிவிட்டாள்.

கொட்டகைத் தரையில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறைகூட இல்லை. அவ்வளவு நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன்.

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் ஒரு பயிற்சி: இன்று சாவியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, மறுபக்கம் போய் உட்காருங்கள்.