மீன்கொத்தி என்ற பெயரில் பதிவான முப்பத்து மூன்று நாள் பயிற்சி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர், வயது 71,
சிகிச்சைக் கோப்பு எண் 2217,
அச்சகத்தின் பின்தெரு, மாடி வீடு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பக்கவாத மறுவாழ்வு மையம்.

பொருள்: இறந்த நோயாளியின் பெயரில் பதிவாகிவிட்ட என் கைப்பயிற்சி – சிகிச்சையை மீண்டும் தொடங்கவும், அவருடைய பதிவை அழிக்காதிருக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தவறு என்னுடையதாகவும் இருக்கலாம் என்ற ஐயத்துடனேயே இம்மனுவை எழுதுகிறேன்.

1. பக்கவாதத்தால் வலக்கை விழுந்துவிட்டதால், தங்கள் மையத்தில் வாரம் மூன்று நாள் பயிற்சி பெற எனக்கு அனுமதி கிடைத்தது. மோட்டார் பொருத்திய தாங்கியில் முன்கையைக் கட்டிக்கொண்டு, எதிரே திரையில் நீந்தும் மீன்களைப் பிடிக்கும் விளையாட்டு அது. கை தயங்கினால் மீதித் தூரத்துக்கு இயந்திரமே இழுத்துச் செல்லும்.

2. முதல் நாள் திரை, "வாங்க மீன்கொத்தி! போன தடவை விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிக்கலாமா?" என்றது. எல்லாரையும் அப்படித்தான் அழைக்கும் போலும் என்று எண்ணினேன். மூன்றாம் நாள்தான் திரையின் மூலையில் வயது 58 என்றிருப்பதைக் கண்டேன். நாற்பது ஆண்டுகள் பிறர் பிழையைத் திருத்திப் பிழைத்தவன் நான். இதைச் சுட்டிக்காட்ட வாய் வரவில்லை. பயிற்சியாளர் அம்மாவுக்காக வரிசையில் ஒன்பது பேர் காத்திருந்தனர். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினொரு வாரம் ஓடிவிட்டது.

3. மீன்கொத்தி என்பது, எனக்கு முன் அந்நாற்காலியில் அமர்ந்த பேருந்து ஓட்டுநர் விளையாட்டுக்காகத் தாமே வைத்துக்கொண்ட பெயர். நான் சேர்வதற்கு இரண்டு நாள் முன்பு அவர் இறந்துவிட்டார். அவர் எட்டிய உயரத்தை நினைவில் வைத்திருந்த இயந்திரம், என் கையையும் அங்கேயே கொண்டுபோனது. இப்போது வீட்டில் சட்டை மாட்டும்போதும் அந்தக் கை சில சமயம் தலைக்கு மேலே, எதுவுமில்லாத ஓரிடத்துக்குப் போய் நிற்கிறது. அது என் பழக்கம்தானா என்று என்னால் உறுதியாகக் கூற இயலவில்லை.

4. சென்ற மாதம், முப்பத்து மூன்று நாளும் நான் வராததால் சிகிச்சை முடிக்கப்படுவதாக எனக்குக் கடிதம் வந்தது. ஓட்டுநரின் வீட்டுக்கோ, நல்ல முன்னேற்றம் என்று பாராட்டுக் கடிதம் போயிருக்கிறது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவருடைய மகள் அதை எடுத்துக்கொண்டு மையத்துக்கு வந்தார். விவரம் கேட்க நானும் அங்கிருந்தேன். அவர் சொன்னதை மாற்றாமல் தருகிறேன்:

"நீங்கதானா சார் அது? அப்பா போன மூணாம் நாள், என் போன்ல இருக்கிற ஆப்ல அவரு ஸ்கோர் ஏறுச்சு. வீட்ல சொன்னா என்னைத்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாங்கன்னு வாயே திறக்கல. உயிரோட இருந்தப்பகூட மனுஷன் இவ்வளவு ஒழுங்கா போனதில்ல சார்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

5. மதிப்பெண்களை என் கோப்புக்கு மாற்றினால்தான் சிகிச்சை தொடரும் என்றும், மாற்றினால் ஓட்டுநரின் கோப்பு முழுவதும் அழிந்துவிடும் என்றும் அலுவலகத்தில் கூறினர். மகளோ, "அதை மட்டும் அழிச்சிடாதீங்க சார்" என்று கேட்டுக்கொண்டார். எனக்கு இப்போதுதான் இரண்டாம் பொத்தான் வரை போட வருகிறது. இடையில் விட்டால் விரல்கள் மறுபடி மடங்கிவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். சுண்டுவிரல் மடங்கத் தொடங்கிவிட்டது.

ஆகவே, என்னைப் புதிய நோயாளியாகச் சுழியத்திலிருந்து சேர்த்துக்கொள்ளுமாறும், அந்த முப்பத்து மூன்று நாளை அவர் பெயரிலேயே விட்டுவிடுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். பயிற்சியாளர் அம்மா மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம்.

மேலும் ஒன்று. பயிற்சி நின்றதிலிருந்து அம்மகள் இருமுறை தொலைபேசியில் அழைத்தார். நேற்று, "இந்த வாரமும் அப்பா போகலையா சார்?" என்று கேட்டார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். மீண்டும் அழைப்பார். அப்போது நான் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் தங்கள் ஆணையில் குறிப்பிட்டால், அதன்படியே சொல்லிவிடுகிறேன்.

இடம்: மேற்படி முகவரி
நாள்: ஜூன் 9

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம் – இடக்கையால்)
கோப்பு எண் 2217