தொப்பி இல்லாத சல்யூட்

1986 ஒக்டோபர் 5, ஞாயிறு

நேற்று கல்லறையிலிருந்து திரும்பியபோது எல்லாருடைய கையிலும் மண். பீலித் தண்ணீரில் ஒவ்வொருவராகக் கழுவினார்கள். கிறிஸ்தோபர் அண்ணன் மட்டும் கழுவவில்லை. அவன் கை சுத்தமாக இருந்தது.

அப்பாவின் சவப்பெட்டி மேல் எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். சொந்த மகன் போடவில்லை. அம்மா கவனித்தாரா தெரியாது. நான் சொல்லவில்லை.

ஒக்டோபர் 6

அண்ணன் விடியும் முன்பே தம்புள்ளைக்குப் போய்விட்டான். லொறிக்கு மரக்கறி மூட்டை ஏற்றுகிற வேலை. அம்மா கட்டிக்கொடுத்த சோறு மேசையிலேயே இருக்கிறது.

ஒக்டோபர் 9

இன்று அம்மாவின் சேலையை நானே ஸ்திரி போட்டேன். ஓரத்தில் கருகிவிட்டது. வீட்டில் எல்லாருடைய துணியையும் அப்பாதான் ஸ்திரி போடுவார், பட்டாளத்தில் பழகிய கை. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு அம்மா என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. அப்போதும் அப்பா என் வெள்ளைக் கவுனை ஸ்திரி போட்டு ஆணியில் மாட்டி வைப்பார். “நாளைக்கு நிலைமை சரியாயிட்டா?” என்பார். கவுன் எனக்குச் சின்னதாகிற வரைக்கும் மாட்டினார்.

ஒக்டோபர் 12

ஆகஸ்ட்டில் நடந்ததை இதுவரை எழுதவில்லை. எழுதினால் புரியுமோ என்னவோ.

மாத்தளை டவுனில் ஆமிக்காரர்களின் சுற்றிவளைப்பு. அண்ணனிடம் அடையாள அட்டை இல்லை, பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் அப்பா பழைய கோட்டில் மெடல்களைக் குத்திக்கொண்டு, பட்டாளத் தொப்பியையும் போட்டுக்கொண்டு காம்ப்புக்குக் கிளம்பினார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாததால் நானும் போனேன். அங்கே ஒரு சின்ன வயசு ஆபீசர். அப்பா அவனுக்கு முன்னால் விறைப்பாக நின்று கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். அவன் சிரித்தான். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். வெயிலில் அப்படியே நிற்கச் சொன்னான். அப்பா நின்றார். பின்னேரம் அண்ணனை விட்டார்கள்.

அண்ணன் கம்பி வேலிக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். அவனை அறைந்ததும் அதே ஆபீசர்தான்.

அன்று ராத்திரி ஜெபமாலை. கடைசி மணியை அப்பா எப்போதும் எதிரிகளுக்காகச் சொல்லுவார். உலக யுத்தத்தில் மேலேயிருந்து குண்டு போட்டவர்களுக்காக. அன்றைக்கு, “காம்ப்புல இருக்கிற அந்தப் புள்ளைக்காகவும் வேண்டிக்குவோம்” என்றார்.

அண்ணன் எழுந்துவிட்டான். “என்னய அடிச்சவன் ஒங்களுக்குப் புள்ளையா? அவனுக்குப் போயி சல்யூட் அடிச்சீங்களே!”

 அப்பா மணியைச் சொல்லி முடித்தார். அதுக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசவேயில்லை.

யார் சரி? அப்பா நிற்காவிட்டால் அண்ணன் வந்திருப்பானா? ஆனால் அந்தச் சிரிப்பு... எனக்கும் அப்பாமேல் கோபம்தான். செத்துப்போனவர்மேல் கோபப்படலாமா?

ஒக்டோபர் 19, ஞாயிறு

பூசைக்குப் பிறகு ஃபாதர் பேசினார். முப்பதாம் நாள் பூசையைக் நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாளோடு வைக்கலாமாம். மரச்சிலுவையை எடுத்துவிட்டு சீமெந்துச் சிலுவை நட வேண்டும். எங்கள் தோட்டத்துச் சனங்களில் அதை மகன்தான் கோயிலிலிருந்து கல்லறைக்குத் தூக்கிப்போவான். மகன் இருந்தும் வேறு ஆள் தூக்கினால் அப்பனை மகன் தள்ளிவைத்துவிட்டான் என்று அர்த்தம்.

ஒக்டோபர் 23

சிலுவை தூக்க வரச் சொன்னதற்கு லொறிக்காரரிடம் அண்ணன் பதில் சொல்லியனுப்பியிருக்கிறான். “கூலிக்கு ஆள் புடிச்சுத் தூக்கச் சொல்லுங்க.” அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

ஒக்டோபர் 26, ஞாயிறு

கலேவெலயிலிருந்து இத்ரூஸ் மாமா வந்தார். அப்பாவோடு பட்டாளத்தில் இருந்தவர். இப்போதுதான் செய்தி கிடைத்ததாம். அழுதார், பிறகு சிரிக்கவும் வைத்தார்.

“உங்கட அப்பா இருக்காரே டொறீன், கழுதப் புடிவாதம். திருகோணமலையில ஒரு நாள் காத்துல இவருட தொப்பி கடலுக்குப் போயிட்டு. அந்த நேரம் பார்த்து வெள்ளக்காரத் துரை வாறான். நாங்க எல்லாம் படார்னு சல்யூட். இவரு மரக்கட்ட மாதிரி நிக்கிறாரு. ஏன்டா அடிக்கலன்னு துரை கேட்டா, ‘தலையில தொப்பி இல்ல சேர்’ங்கிறாரு! தொப்பி இல்லாம கைய ஒசத்தினா அது சல்யூட் இல்லயே, அதானே சட்டம். சட்டம் சரிதான், ஆனா வாய்க்குத் தண்டனையா வெங்காயம் உரிக்க விட்டாங்க. கண்ணீரோட வந்து ‘எனக்குப் பொண்டாட்டி ஞாபகம்’னாரு. அப்ப கல்யாணமே இல்ல!”

அம்மா இத்தனை நாளைக்குப் பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன். பாதியில் நின்றுவிட்டது.

ஆகஸ்ட்டில் அன்றைக்குக் காம்ப் வாசலில் அப்பா தொப்பியைக் கழற்றினார். “இதப் புடி டொறீன்” என்று என் கையில் கொடுத்தார். கோயிலுக்குள் போகும்போது கொடுப்பதுபோல. பிறகுதான் உள்ளே போய்க் கையை உயர்த்தினார்.

ஒக்டோபர் 27

அம்மாவிடம் சொன்னேன். “பயத்துல கழட்டியிருப்பாரு புள்ள” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இல்ல. தெரியல” என்றார்.

பயமா? மரியாதையா? இல்லாவிட்டால் அவனுக்குச் சல்யூட் கொடுக்கக் கூடாது என்றேதானா? அப்பாவிடம் கேட்க முடியாது. பார்த்தவள் நான் ஒருத்திதான். அண்ணன் இருந்த இடத்திலிருந்து வாசல் தெரிந்திருக்காது.

ஒக்டோபர் 29

தம்புள்ளைக்குப் போனேன். தனியாக பஸ் ஏறியது இதுதான் முதல் தடவை. இறங்கி வழி கேட்கவே வாய் வரவில்லை. லொறிகளுக்கு நடுவில் அண்ணனைக் கண்டேன், தோளில் இலை பிதுங்கும் கோவா மூட்டை.

“என்னடி? அம்மாவுக்கு என்ன?”

“ஒண்ணுமில்லண்ணே.”

பிறகு ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். தொப்பி, வாசல், துரை, வெங்காயம், எல்லாம் முன்னுக்குப் பின்னாக. வெங்காயம் எதற்கு என்று அவனுக்கு விளங்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

அவன் மூட்டையை இறக்கினான். “அது சல்யூட் இல்லன்னு அந்த ஆபீசருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப என்ன பிரயோசனம்? அவன் சிரிச்சான்ல?”

“அப்பாவுக்குத் தெரியும்ணே.”

யாரோ “டேய் மாத்தளை, தங்கச்சியையும் மூட்ட தூக்கச் சொல்லு!” என்று கத்தினார்கள். அண்ணன் அவனைத் திட்டினான். என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாகச் சாப்பிட ஒரு பனிஸ் கொடுத்தான். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சொன்னது சரிதானா? அப்பா மனதில் இல்லாததை நான் சொல்லிவிட்டேனோ?

நவம்பர் 1

மழை. அம்மா கூலிக்கு ஆள் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

பூசை முடிந்தது. சிலுவை கோயில் வாசலில் சாக்கின்மேல் கிடந்தது. ஃபாதர் ரோட்டைப் பார்த்தார். ஆட்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அண்ணன் குறுக்குப் பாதையால் ஏறி வந்தான். கால்சட்டையெல்லாம் சேறு. யாரையும் பார்க்கவில்லை. குனிந்து தூக்கினான். சீமெந்து ஈரத்தில் கனத்துப்போயிருந்தது. தோளுக்கு ஏற்றியதும் ஒரு பக்கம் சாய்ந்தான். இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

“வேணாம். டொறீன், நீ வா” என்றான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் போய்ச் சிலுவையின் கால்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன்.