ஒரே குழியில் இரண்டு லைன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் மழுப்புகிறீர்கள், அதனால் உள்ளதை எழுதுங்கள்.

போன வாரம் இங்கே ஒரு கூத்து. ஆபீஸ் இன்டர்நெட் அறுந்தால் கைகொடுக்க, வேறொரு கம்பெனியின் லைனும் இன்னொரு ரவுட்டரும் நான்தான் போட்டுவைத்திருந்தேன். தெருவில் தோண்டிய மெஷின் ஒரே இழுப்பில் இரண்டு லைனையும் அறுத்துவிட்டது. மறுபடி தோண்டச் சோம்பல்பட்டு, இரண்டையும் ஒரே குழியில் பதிக்கச் சொல்லியிருந்தேன். ரவுட்டர் பாவம், சொன்னபடி அடுத்த லைனுக்கு மாறியது. அந்த லைன்தான் இல்லை.

"ரெண்டு இருக்குன்னு சொன்னீங்களேப்பா, எங்க?" என்று மேனேஜர் கத்தினார். என்னோடு வேலைபார்த்த அறைக்கூட்டாளியை அன்றே வேலையைவிட்டு அனுப்பினார்கள். குழியை மூடியது அவர், அப்படிப் பதிக்கச் சொன்னது நான். நான் வாய் திறக்கவில்லை. எதிர்க்கட்டில் காலியாகவே கிடக்கிறது. அதன்மேல் விரித்து மூட, பழைய போர்வை ஒன்று இருந்தால் அனுப்புங்கள்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். தம்பிக்கும் இதே கம்பெனியில் வேலை கேட்கச் சொன்னீர்கள். கேட்கமாட்டேன் அம்மா. உங்களுக்கு இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். ஒரே குழியில் வேண்டாம்.

உங்கள் மூத்தவன்