கல்லு கம்பெனி, ஒன்பது நிமிடம்

ஜூன் 12, வியாழன்

காற்று ஆரம்பித்துவிட்டது. கொடியில் கிடந்த யூனிஃபார்ம் சட்டை பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது. ஏறி எடுத்து வருவதற்குள் பஸ் போச்சு.

இன்றைய வேலை: ட்ரான்ஸ்ஃபார்மர் எண்ணெய், பார்த்தாச்சு. எர்த் குழிகளுக்குத் தண்ணீர், ஊற்றியாச்சு. கேட் பக்க வாகை மரக் கிளை, வெட்டவில்லை.

மரம் வெட்டுகிறவர் கயிறு, ரம்பத்தோடு வந்து நின்றார். கம்பெனிக்கு வரும் மெயின் லைனுக்கு மேலேயே அந்தக் கிளை நீட்டிக்கொண்டிருக்கிறது. "வாகை மரம் முருக்குன்னு ஒடியும்ணே. காத்துக்கு முன்னாடி எடுத்துருவோம்" என்றார். ஆடி கழிந்து வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு மாதிரி பார்த்தார்.

காரணத்தை இங்கே எழுதலாம், வெளியே சொல்ல முடியாது. ஈஸ்வரிக்கு ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை கலைந்தது. இரண்டாவது தடவை கலைந்த மாதத்தில்தான் நான் கொல்லையில் முருங்கையை வெட்டினேன். மாசமாக இருப்பவள் புருஷன் மரத்தில் கை வைக்கலாமா என்று மாமியார் அன்றைக்குப் பிடித்த பாட்டை இன்னும் விடவில்லை. அப்போது சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. நேற்று ஈஸ்வரி அழுதே விட்டாள்.

"நீங்க வெட்டுனாலும் ஒண்ணுதான், ஆள விட்டு வெட்டுனாலும் ஒண்ணுதான். எனக்காக ரெண்டு மாசம் பொறுங்க."

எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். டிப்ளமோ. பத்து வருஷம் நூல் மில், நாலு வருஷம் இங்கே. எல்லாம் இருந்து என்ன, காற்றுக்கால செக்லிஸ்டில் ஏழாவது வரி, 'லைன் ஓரக் கிளைகள் அகற்றப்பட்டன', அதில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

கல் வளர்க்கும் எட்டு உலையும் இன்று ஏற்றியாச்சு. பதினாறு நாள் ஓட்டம். இடையில் கரண்ட் நிற்கக் கூடாது.

ஜூன் 15, ஞாயிறு

உத்தமபாளையம் சந்தை. ஈஸ்வரிக்குப் பப்ளிமாஸ் தேடினேன், கிடைக்கவில்லை. மாதுளை.

பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பெண்கள்.

"கல்லு கம்பெனியில அடுத்த ஷெட்டு வருதாம்ல? எம்மருமகளுக்கு ஒரு வார்த்தை சொல்லி விடு."

"இந்தத் தடவ செய்யிற கல்ல செல்போன் கம்பெனிக்காரக ஓகே பண்ணணுமாம். பண்ணிட்டாகன்னா இன்னும் எரநூறு பேர எடுப்பாகளாம்."

"ஆத்தா, எடுக்கட்டும். மலை மேல ஏலக்காக் காட்டுக்கு ஜீப்புல போயி வந்து எனக்கு இடுப்பே இல்ல."

அவர்கள் சொன்னது சரி. இந்த லாட் போனின் முன்பக்கத் திரைக்கு. இதுவரை கேமரா மேல் ஒட்டும் பொட்டளவுத் துண்டுதான் செய்தோம். நாங்கள் செய்வது சஃபையர். சஃபையர் என்றால் நீலக்கல் என்று ஊரில் நினைக்கிறார்கள். வெள்ளைப் பொடியை உருக்கி, விதைக்கல்லை அதில் தொடவைத்து, மெல்ல மெல்ல வளர்ப்பது. நிறமே கிடையாது. சாவி, ஆணி, மணல், எதுவும் கீறாது. மாமனாரிடம் மூன்று தடவை விளக்கியாகிவிட்டது. "அப்ப கண்ணாடிதானே" என்கிறார்.

பிள்ளை நன்றாக உதைக்கிறது.

ஜூன் 23, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்க வேண்டும்.

பன்னிரண்டாம் நாள். மதியம் மூன்று மணி பத்து நிமிடம். கிளை ஒடிந்தது. முழுதாக விழுந்து தொலைத்திருந்தால்கூடத் தேவலை. பாதி ஒடிந்து பட்டையில் தொங்கி, காற்றில் ஆடி ஆடி லைனைத் தொட்டது. தொட்டால் கரண்ட் போகும், விலகினால் வரும். போனபோதெல்லாம் ஜெனரேட்டர் எடுத்தது, வந்தபோது நின்றது. மூன்று தடவை. நாலாவது தடவை எடுக்கவில்லை. பேட்டரி.

ஜெனரேட்டர் ஆபரேட்டர் செல்லப்பாண்டி அண்ணன் கேட்டில் நின்ற லாரியின் பேட்டரியைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஐம்பத்து மூன்று வயது. மாட்டி ஓடவிடும்போது ஒன்பது நிமிடம் ஆகிவிட்டது. கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம். "போச்சா தம்பி, எல்லாம் போச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தப் பேட்டரி பழசு, மாற்ற வேண்டும் என்று இரண்டு தடவை எழுதிக் கொடுத்தவரும் அவர்தான்.

உலைக் கூடத்துக்கு ஓடினேன். மூன்றாம் உலைக்குள்ளிருந்து 'ணிங்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஆறில். கல் விரிசல் விடுகிற சத்தம். நின்று கேட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

மீட்டிங். தலைமை ஆபீசுக்கு இன்றே ரிப்போர்ட் போக வேண்டுமாம். கோயம்புத்தூர்க்கார மேனேஜர் செக்லிஸ்டை விரித்து வைத்திருந்தார். ஏழாவது வரியில் என் டிக். "மரம் வெட்டியாச்சு, அப்ப ஒடிஞ்சது மேல இருந்த வேற கிளைங்க. இயற்கை. ஆனா ஜெனரேட்டர் எடுக்காதது இயற்கை இல்லைங்களே" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். மூடினேன்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணன் மேல் பழி விழுந்திருக்காது. சொன்னால் வேலை போகும், இ.எஸ்.ஐ. போகும், பிரசவம் யார் பார்ப்பது? இந்தக் கணக்கெல்லாம் அந்த ஒரு நொடியில் எப்படித்தான் ஓடியதோ. மானங்கெட்ட மூளை.

செ. அண்ணனை மாலையிலேயே நிறுத்திவிட்டார்கள். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போனார். பேட்டரிக்கு எழுதிக் கொடுத்த காகிதம் ஃபைலில் இல்லையாம்.

ஜூன் 28, சனி

உலைகளைத் திறந்தோம். எட்டில் எட்டும் விரிசல். தரையில் போட்டு உடைத்த கற்கண்டு மாதிரி. பாலிஷ் பிரிவுப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதுல சின்னதா கம்மல் கல்லாச்சும் அறுக்கலாம்ல சார்?" என்றாள்.

அறுக்கலாம். யார் வாங்குவது?

பல் வலி. கிராம்பு.

ஜூலை 3, வியாழன்

ஈஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. பாலிஷ் பிரிவில் இவளோடு வேலை பார்த்தவள் போனில் சொல்லியிருக்கிறாள்.

"செல்லப்பாண்டி அண்ணன நிறுத்திட்டாகளாமே? அவுக வீட்டு மதினி மறுபடியும் ஜீப்புல ஏலக்காக் காட்டுக்குப் போறாகளாம். காலு வீங்கிக்கிட்டு கெடக்குதாம். நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்லி என்ன ஆகப்போகுது."

"எந்தக் கிளை ஒடிஞ்சது?"

எழுந்து போய் விளக்கை அணைத்தேன். வயிற்றைப் பிடித்தபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் மேல் கோபம் வந்தது. அவள் என்ன செய்வாள்? கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஜூலை 7, திங்கள்

சொல்லிவிட்டேன். மேனேஜர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, வெட்டவே இல்லை, டிக் மட்டும் போட்டேன், தப்பு என்னுடையது, செல்லப்பாண்டி அண்ணனைத் திரும்ப எடுங்கள் என்று. திட்டுவார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்தேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை எதுக்குங்க இப்ப சொல்றீங்க? போன் கம்பெனி மே மாசமே முடிவு பண்ணிட்டாங்க. கீறல் விழாதுதான், கீழ போட்டா உடையுதுங்களே. விலையும் அதிகம். அவங்க சாதாரணக் கண்ணாடியவே கெட்டிப்படுத்திக்கிறாங்க. இந்த லாட் நல்லா வந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டாங்க."

"அப்ப எதுக்கு சார் ஓட்டுனோம்?"

"ஒப்பந்தம். முன்பணம் வாங்கியிருக்கோமுங்க, ஓட்டிக் காட்டணும்."

செ. அண்ணன்? ரிப்போர்ட் போய்விட்டதாம். ஃபைல் மூடியாச்சு, இனி திறக்கிறதாக இல்லையாம். "நீங்க குடும்பத்தப் பாருங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜூலை 11, வெள்ளி

கேட்டில் நோட்டீஸ். 'உற்பத்தி தற்காலிகமாக நிறுத்தம்.' யாருக்கும் அந்தத் 'தற்காலிக'த்தில் நம்பிக்கை இல்லை.

இன்று பார்த்தவை:

மெஸ் அக்கா கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றினார்.

எதிரே பிளாட் போட்டு நட்ட மஞ்சள் கற்கள். பத்திரம் முடித்தவர்கள் நாலைந்து பேர் கற்களுக்கு நடுவே சும்மா நின்றார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் அது திராட்சைத் தோட்டம்.

ஷேர் ஆட்டோக்காரர், கேட்டில் ஆள் இல்லாததைப் பார்த்து வண்டியைத் திருப்பினார்.

ஜீப் டிரைவர் ஒருத்தர் பாலிஷ் பெண்களிடம் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். "திங்கக்கெழம காலையில அஞ்சரைக்கு. சோறு கட்டிக்கிட்டு வந்துருங்க ஆத்தா." பதினெட்டுப் பெயர். பஸ்ஸில் மருமகளுக்கு வேலை கேட்ட பெண்ணும் வரிசையில் நின்றார், மருமகளோடு.

எனக்கு இன்னும் ஒரு மாதம் வேலை. மெஷின்களைக் கழற்றிப் பெட்டியில் அடைக்க எலக்ட்ரீஷியன் வேண்டுமே.

ஜூலை 13, ஞாயிறு

கோம்பை. செ. அண்ணன் வீடு. மாதுளை வாங்கிப் போனேன். பஸ்ஸில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன், எதுவும் சரியாக வரவில்லை.

வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலில் புது நகம் இப்போதுதான் முளைக்கிறது. "வா தம்பி, இங்கன உக்காரு. ஈஸ்வரி எப்படி இருக்கு?" உள்ளே பார்த்து, "ஏய், தம்பி வந்துருக்காப்ல, டீ போடு" என்றார்.

சொன்னேன். ரம்பக்காரரைத் திருப்பி அனுப்பியது, டிக், மீட்டிங்கில் வாயை மூடிக்கொண்டது, எல்லாம். தலையைத் தூக்காமல் சொன்னேன்.

"ஏலே, எனக்குத் தெரியாதா? தெனமும் அந்தக் கிளைக்குக் கீழதான் வண்டிய விட்டேன். நீ அந்த ஆளத் திருப்பி அனுப்புனப்ப நான் ஜெனரேட்டர் கூண்டுக்குள்ளதான் நின்னேன்."

"அப்ப ஏண்ணே மீட்டிங்குல சொல்லல?"

"சொன்னா ஒன்னையும் அனுப்பியிருப்பாக. என்னய மட்டும் விட்ருவாகளாக்கும்? அந்தப் புள்ள ரெண்டு தடவ பட்டது போதாதா. விடு."

அழுதேன் என்று நினைக்கிறேன். அவர் முதுகில் தட்டினார். அப்போதுதான் நிலையில் ஆள் நிற்பது தெரிந்தது. மதினி. கையில் டீ டம்ளர். பாதம் வீங்கி, மேலே ஏலக்காய்ச் செடி கிழித்த கோடுகள். எப்போதிருந்து நின்றார் என்று தெரியாது.

என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணனைத்தான் பார்த்தார்.

"ஒனக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் என்னய ஜீப்புல ஏத்தி விட்டியா?"

அண்ணன் கட்டைவிரல் நகத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

மதினி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மாதுளையைக் கட்டிலில் வைத்தேன். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.